அம்பு மேய்ந்த பள்ளத்தாக்கு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். அந்த மூலையில் உட்கார்ந்தால் பாதிக் கதை காற்றோடு போய்விடும். இதை உரக்கச் சொல்லக்கூடாது, சொன்னால் அந்த அம்புக்குக் கேட்டுவிடும் என்பார்கள். நான் என்னத்தைக் கண்டேன், கேட்டதைச் சொல்கிறேன்.

கடல் சூழ்ந்த ஜப்பான் தேசத்தில், ராஜா ராஜாவாகவே இருந்தும் அவர் பேச்சு தலைநகரத்து மதிலைத் தாண்டாமல் போய்விட்ட காலத்தில், மிசோனோ என்று ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. இரண்டு பக்கமும் மலை, நடுவே ஆறு, ஆற்றோரம் நெல். அது தலைநகரத்துப் பெரிய மனிதர் ஒருவருக்குச் சொந்தம். அவர் முகத்தை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை, அவரும் நெல் எப்படி நிற்கும் என்று பார்த்ததில்லை. அறுவடை முடிந்ததும் அவருடைய காரியக்காரர் திரை போட்ட மாட்டு வண்டியில் வருவார், சேற்று வாடை பொறுக்காமல் பட்டு விசிறியால் மூக்கை மூடிக்கொள்வார், நெல்லை அளந்துகொள்வார், நிலாவைப் பற்றி ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போய்விடுவார். பாட்டு ஊராருக்குப் புரியாது. ஆனாலும் பசிக்கிற வருஷத்தில் அழுதால், அவரும் விசிறிக்குப் பின்னால் கொஞ்சம் அழுது, அளவைக் குறைத்துக்கொள்வார்.

அப்புறம் கிழக்கே இருந்து குதிரைகள் வந்தன. வில்லும் வாளும் தொழிலாகக் கொண்ட சாமுராய்கள் நாடெங்கும் தலையெடுத்த காலம் அது. பள்ளத்தாக்குக்கு ஒருவன் காவல் என்று கிழக்கத்திச் சேனாதிபதி பங்கு பிரித்து அனுப்பியதில், மிசோனோவுக்கு வந்தவன் நோபுகாதா. முப்பது வயசு, கழுத்து எங்கே முடிகிறது தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத உடம்பு, சிரித்தால் மட்டும் பச்சைப் பிள்ளை மாதிரி இருப்பான். வந்ததும் வீடு கட்டினான், வாசல் நிறுத்தினான், வாசலோரம் கிணறு வெட்டினான். கடைசியில் எல்லை போட வேண்டும். அதற்கு அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது: வாசலில் நின்று ஓர் அம்பு விடுவது. அம்பு விழுகிற இடம் வரைக்கும் வீட்டு நிலம். அதற்குள் இருக்கிற வயலும் அவனுக்கே, விளைச்சலும் அவனுக்கே, கேள்வி முறை கிடையாது.

நாற்று நடுகிற சமயம். ஊர் மொத்தமும் சேற்றுக் காலோடு வந்து நின்றது. ஊர்ப் பெரியவர் யாத்தாரோ, "எதிர்காத்து அடிக்கணும் சாமி, எதிர்காத்து" என்று உதடு அசையாமல் வேண்டிக்கொண்டிருந்தார். நோபுகாதா ஆளுயரத்தைவிட உயரமான வில்லைத் தூக்கி, நாணைக் காதுக்குப் பின்னால் வரைக்கும் இழுத்து, "இந்த அம்பு விழுற இடம் என் எல்லை. என் வாக்கு ஒண்ணுதான்" என்று மலை கேட்கச் சொல்லி, விட்டான்.

அம்பு போயிற்று. போனது ஆற்றங்கரைக்கு மேலே, இரண்டு மூங்கில் உயரத்தில், நின்றுவிட்டது.

விழவில்லை.

முதல் நாள் எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள். மறுநாள் பாதிப் பேர் பார்த்தார்கள். அதற்கடுத்த நாள், நாற்று முற்றிப்போகுமே என்று எல்லோரும் குனிந்துவிட்டார்கள். அம்பும் சும்மா நிற்கவில்லை, மேய்கிற மாடு நகர்கிற மாதிரி, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று பள்ளத்தாக்கின் மேலே நகர்ந்துகொண்டிருந்தது.

தலைநகரத்துக் காரியக்காரர் விசிறியோடு வந்து சேர்ந்தார். "விழாத அம்புக்கு எல்லை ஏதுங்காணும்?" என்று கேட்டார்.

"விழலை இல்ல?" என்றான் நோபுகாதா. "அப்போ எல்லை இன்னும் போய்க்கிட்டே இருக்கு. அது விழட்டும், அப்புறம் பேசலாம்."

அவனுக்குப் பின்னால் நின்ற குதிரைக்காரர்களைக் காரியக்காரர் பார்த்தார். அண்ணாந்து அம்பைப் பார்த்தார். அன்றைக்கு நிலாப் பாட்டுப் பாடவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர், அப்புறம் வரவே இல்லை. அப்படித்தான், ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல், ஓர் அம்பு விழாத காரணத்தால், மிசோனோவில் ராஜாவின் காலம் போய் வில்லின் காலம் வந்தது.

அன்றிலிருந்து, அம்பு எந்த வயலுக்கு மேலே போய் நிற்கிறதோ அந்த வயலில் நோபுகாதாவின் ஆட்கள் மூங்கில் முளை அடித்தார்கள். முளை அடித்த வயல் எசமான் வயல். நேற்று வரை சொந்தக்காரனாக இருந்தவன் அதிலே கூலிக்கு நிற்க வேண்டும். ஊர் அழுதது, அழுது முடித்ததும் பழகிக்கொண்டது. மனுஷருக்குப் பழகாதது எது? அம்பின் நிழல் மேட்டு வயலில் விழுந்தால் கஞ்சி வேளை என்று பெண்கள் பொழுது பார்த்தார்கள். வலசை வந்த தகைவிலான் குருவிகள் அதன்மேல் வரிசையாக உட்கார்ந்து ஓய்வெடுத்தன. மழைக்காலத்தில் அதன் முனையிலிருந்து நூல் மாதிரி ஒழுகிய தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்துக் கண்நோவுக்கு விட்டுக்கொண்டார்கள். அம்பின் வாலில் கட்டியிருந்த பருந்திறகு இலையுதிர்காலத்தில் உதிர்ந்து இளவேனிலில் புதிதாக முளைத்தது. உதிர்ந்த இறகு கிடைத்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று ஒரு பேச்சு. மணப்பெண்ணை அதற்குக் கீழே நடத்திக்கொண்டு போகக்கூடாது என்று இன்னொரு பேச்சு. அம்பு சாலைக்கு மேலே நின்றுவிட்டால், கல்யாண ஊர்வலம் அது நகரும் வரைக்கும் வரப்பில் உட்கார்ந்து பலகாரம் தின்றுகொண்டிருக்கும்.

அந்த ஊரில் தோராமே என்று ஒருத்தி இருந்தாள். புலி வருஷத்தில் பிறந்தவள், தோரா என்றால் அவர்கள் பேச்சில் புலி, பெயரும் அப்படியே வைத்துவிட்டார்கள். புருஷன் ஆற்று வெள்ளத்தில் கரை அடைக்கப் போய் ஆற்றோடு போனவன். அவனும் அவளும் கல்லாங்குத்துச் சரிவில் ஆற்று வண்டலைக் கூடை கூடையாகச் சுமந்து கொட்டி உண்டாக்கிய வயல் ஒன்று, நீளமாக, ஆற்றோரம் இருந்தது. கரை ஒதுங்கிய அவன் உடம்பை அதன் தலைமாட்டில்தான் புதைத்திருந்தாள். அந்த வயலை விட்டால் அவளுக்கு நிற்க இடம் கிடையாது, பேச ஆளும் கிடையாது.

தோராமே வாயைத் திறந்தால் ஊர் சிரிக்கும், மூடியிருந்தால் ஊர் பயப்படும். அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். விருந்தில் நோபுகாதா யாத்தாரோ தோட்டத்துப் பிளம் ஊறுகாயைத் தின்று விரலை நக்கினான், மறுநாள் அம்பு யாத்தாரோ தோட்டத்துக்கு மேலே நின்றது. வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு சுனையைக் கண்டு நின்றான், அம்பு சுனைக்குப் போயிற்று. அம்பு காற்றின் பேச்சைக் கேட்கவில்லை, அவன் நாக்கின் பேச்சைக் கேட்டது, கண்ணின் பேச்சைக் கேட்டது. அவன் ஆசை எங்கே போகிறதோ அங்கே அம்பு மேயப் போகிறது! அவனுக்கே இது தெரியாது. இதை ஊரில் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை, முந்தானையில் முடிந்துகொள்கிற மாதிரி மனசுக்குள் முடிந்துகொண்டாள்.

ஒருநாள் அவள் களை பறித்துக்கொண்டிருக்கையில் நோபுகாதா குதிரையை வரப்பில் நிறுத்தினான்.

"யாரு வயலு இது?"

"நிக்கறவ வயலு, எசமான்."

"நல்ல நீளம். குதிரைய ஓடவிட்டு அம்பு பழக இதைவிட இடம் கிடைக்காது."

தோராமே அண்ணாந்து பார்த்தாள். தூரத்து மேட்டில் நின்றிருந்த அம்பு மெல்ல மூக்கைத் திருப்பியது. பறித்த களையை வரப்பில் போட்டுவிட்டு வாயைத் திறந்தாள்.

"இந்தச் சேத்துலயா? எசமான் குதிரை முழங்கால் வரைக்கும் புதைஞ்சா ஊர் சிரிக்காது? அதோ, ஆத்துக்கு அந்தாண்ட பாருங்க. புல்லு குதிரை வயித்தைத் தொடுது. அங்க இருக்கிற தலைவர் அதுல முயல் புடிச்சு விளையாடறாராம். குதிரை ஏறவே பயமாம் அவருக்கு."

நோபுகாதா பச்சைப் பிள்ளை மாதிரி சிரித்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அம்பு அவர்கள் தலைக்கு மேலே வந்து, நிற்காமல், ஆற்றைத் தாண்டிப் போயிற்று. தோராமே குனிந்து களையைப் பறித்தாள். பக்கத்து வயலில் யாத்தாரோவும் குனிந்தே இருந்தார்.

அம்பு போன இடத்துக்கு முளை போயிற்று. முளை போன இடத்தில் அந்தப் பக்கத்துத் தலைவருடைய ஆட்கள் வில்லோடு நின்றார்கள். அவருக்குக் குதிரை ஏறவும் தெரிந்திருந்தது. சண்டை ஆற்றுக்குள்ளேயே நடந்தது. மூட்டை தூக்க என்று கூட்டிக்கொண்டு போன ஊர்ப் பையன்களைத்தான் முதலில் தண்ணீர் திருப்பிக் கொண்டுவந்தது. அதில் யாத்தாரோவின் ஒரே மகனும் இருந்தான். கிழவர் அவனை மடியில் போட்டுச் சேற்றைக் கழுவினார், காதுக்குள் இருந்த மணலைக்கூட விரலால் எடுத்தார். தோராமே பக்கத்தில் போய் நின்றபோது தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"ஆத்துக்கு அந்தாண்ட புல்லு அவ்வளவு நல்லாவா இருந்துச்சு, தங்கச்சி?"

அவ்வளவுதான் கேட்டார். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. தோராமே ஆற்றில் இறங்கி, பையனைக் கழுவத் தண்ணீர் மொண்டு வந்தாள்.

நோபுகாதா ஜெயித்துத்தான் திரும்பினான், ஆனால் சிரிப்பு திரும்பவில்லை. அந்தப் பக்கத்துத் தலைவருடைய பிள்ளை, மீசை முளைக்காதவன், அவன் வாளுக்குக் கீழே கழுத்தை நீட்டுவதற்கு முன்னால், "ஐயா, என் தலைமுடி கண்ணுல விழுது, கொஞ்சம் ஒதுக்கிக்கறேன்" என்றானாம். அந்தச் சொல் நோபுகாதாவோடு வீட்டுக்கு வந்துவிட்டது. சோற்றுக் கிண்ணத்தை எடுத்தால் கிண்ணத்துக்குள்ளே இருந்து கேட்கும்.

இப்படி இருக்கையில்தான் ரென்னாமி என்ற பிட்சு வந்தார். ஒட்டுத்துணி அங்கி, கழுத்தில் ஒரு வெண்கலத் தட்டு. தட்டை அடித்துக்கொண்டு, செத்தவர்கள் கிடந்த ஆற்றங்கரையில், "நமு அமிதா புத்சு, நமு அமிதா புத்சு" என்று ஆடினார். அழுகிற ஊர் ஆடுகிறவரை முதலில் ஏசியது, அப்புறம் வேடிக்கை பார்த்தது, அப்புறம் யார் முதலில் காலைத் தூக்கினார்கள் என்று தெரியாமல் தானும் ஆடியது. மேற்கே ஒரு தேசம் இருக்கிறது, அமிதா புத்தர் அங்கே இருக்கிறார், அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவரைச் சாகிற நேரத்தில் மேகத்தில் இறங்கி வந்து கூட்டிக்கொண்டு போவார், படித்தவன் படிக்காதவன் பார்க்கமாட்டார், கொன்றவன் என்றும் பார்க்கமாட்டார் என்றார் பிட்சு.

தோராமே அவருக்குக் கஞ்சி ஊற்றும்போது கேட்டாள்: "வில்லால கொன்னவனுக்கு இடம் உண்டுன்னீங்க, சாமி. நாக்கால கொன்னவளுக்கு?"

ரென்னாமி கஞ்சியை ஊதினார். "நல்லவங்களுக்கு நீந்தத் தெரியும்மா, அவங்க கரையேறிடுவாங்க. நடு ஆத்துல முங்கிக்கிட்டு நிக்கறவங்களுக்காகத்தானே படகே கட்டினாரு. ஏறிக்கோ. ஏறினதும் துடுப்பை நான்தான் போடுவேன்னு அடம் புடிக்காத, அவ்வளவுதான்."

நோபுகாதா தலையை மழித்துக்கொண்டான். அங்கி போட்டுக்கொண்டான், அங்கிக்கு மேலே வாளையும் கட்டிக்கொண்டான், அது அந்தக் காலத்து சாமுராய்களுக்கு வழக்கந்தான். வீட்டுக்குள்ளே ஒரு மண்டபம் எழுப்பி, மேற்குப் பக்கம் பொன்பூசிய அமிதாவை நிறுத்தினான். சாகிறவர்கள் புத்தரின் கையிலிருந்து தங்கள் கைக்கு ஐந்து வண்ணப் பட்டுக்கயிறு ஒன்றைக் கட்டிக்கொள்வார்கள், அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே மேற்கே போய்விடலாம் என்பதும் வழக்கம். கயிற்றைப் பார்த்த நோபுகாதா இரண்டு விரலால் சுண்டினான்.

"இது என் பாரத்தைத் தாங்காது. அறுந்துடும்" என்றான். எல்லை போட்ட வில்லிலிருந்து நாணை அவிழ்த்தான். "இதை உள்ளே வெச்சு மேல பட்டைச் சுத்துங்க. மெழுகு பூசின சணல். குதிரைய கட்டி இழுத்தாலும் அறாது."

சுற்றுவதற்கு ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டார்கள். தோராமேயும் போய்ச் சுற்றினாள். விரலுக்குக் கீழே நாண் விறைப்பாக நெளிந்ததை அவள் கை ஞாபகம் வைத்துக்கொண்டது.

வருஷங்கள் போயின. நோபுகாதா கிழவனானான், அம்புக்கு மேலே பாசி பிடித்தது, ஊரில் முளை அடிக்காத வயல் சொச்சம்தான் இருந்தது. அதில் ஒன்று தோராமேயின் வயல். ஒரு கோடையில் கிழவன் பல்லக்கில் வந்து வரப்பில் இறங்கினான்.

"மண்டபத்துக்கு முன்னால ஒரு தாமரைக் குளம் வேணும்" என்றான். "அமிதாவோட தேசத்துல இருக்கிற மாதிரி. ஆத்துத் தண்ணி இந்த வயல் வழியாத்தான் வரும். அறுத்துக்க, அப்புறம் வெட்டுவோம். உன் புருஷனை வேற இடத்துல புதைச்சுக்கலாம். புண்ணியம் உனக்கும் உண்டு."

அம்பு வந்து வயலுக்கு நேர் மேலே நின்றது. ஆட்கள் முளை அடித்தார்கள். அன்றைக்குக் குதிரைக்காகக் கேட்டபோது தோராமேக்குக் கோபம் வந்தது, இன்றைக்குப் புத்தருக்காகக் கேட்டபோது பயம் வந்தது. குதிரைக்கு எதிராகப் பேசலாம், புத்தருக்கு எதிராக யாரிடம் போய்ப் பேசுவது? அவன் ஆசையை வேறு பக்கம் திருப்பிவிட அவளுக்குத் தெரியும். ஆற்றைப் பார்த்தாள். யாத்தாரோவின் வளைந்த முதுகைப் பார்த்தாள். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

நெல் பால் பிடித்த சமயத்தில் நோபுகாதா படுத்துவிட்டான். படுத்தவன் சாகவில்லை. மேற்கே பார்த்துக் கிடத்தி, கையில் கயிற்றைக் கொடுத்தார்கள். உடம்பு ஓலைப்பாய் மாதிரி ஆயிற்று, கண் உள்ளே போயிற்று, மூச்சு மட்டும் போகவில்லை. மகன் தகாகாதா தலைநகரத்து வைத்தியரைக் கூட்டிவந்தான், வைத்தியர் கையை விரித்தார். ரென்னாமியைத் தேடிக் கூட்டிவந்தார்கள், அவரும் கிழவராகி இருந்தார். "நான் ஆடறேன், அவரு அசைய மாட்டேங்கறாரு" என்று திண்டாடினார்.

அறுப்பு முடிந்தால் வயலை வெட்டிவிடுவார்கள் என்று, தோராமே வேறு வழியில்லாமல் அங்கே போனாள். யாத்தாரோவையும் கூப்பிட்டாள்: "அண்ணே, இன்னிக்கு நான் பேசப்போறதை நீங்க பக்கத்துல நின்னு கேக்கணும். தப்பாப் போச்சுன்னா அங்கேயே நிறுத்துங்க." கிழவர் கைத்தடியை எடுத்துக்கொண்டார்.

மண்டபத்தின் கதவுகளைத் திறந்து வைத்திருந்தார்கள். சாயங்கால வெயில். முற்றம், முற்றத்துக்கு அந்தப் பக்கம் வாசல், வாசலோரம் கிணறு, எல்லாம் படுக்கையிலிருந்தே தெரிந்தன. தோராமே கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. பொன்பூசிய அமிதா பீடத்தில் முன்பக்கம் சாய்ந்திருந்தார். கிழவன் இழுத்த இழுப்பில்! நாண் விறைத்து நின்றது.

"எதுக்குடி சிரிக்கிற?" என்றான் தகாகாதா.

"தம்பி, உங்கப்பா அமிதாவைப் புடிச்சுக்கல. வில்லை வளைக்கிற மாதிரி வளைச்சுக்கிட்டிருக்காரு."

ரென்னாமி எட்டிப் பார்த்தார். "அட ஆமா" என்றார்.

தோராமே படுக்கையோரம் முழங்காலிட்டாள். "எசமான், நான் வயல்காரி வந்திருக்கேன். அந்த முதல் அம்பு விட்டப்போ ஒரு வாக்கு சொன்னீங்க. அது இன்னும் அந்த வாக்குதானா?"

நோபுகாதாவின் உதடு அசைந்தது. எல்லோருக்கும் கேட்டது: "அம்பு விழுற இடம்... என் எல்லை. வாக்கு... ஒண்ணுதான்." கொஞ்சம் நிறுத்தினான். "குளம்... வெட்டியாச்சா?"

வாசலுக்கு அப்பால், தூரத்தில், அவள் வயலுக்கு மேலே அம்பு அசையாமல் நின்றது.

"இன்னும் இல்ல, எசமான். சொல்லுங்க, குளத்துத் தண்ணி எப்படி இருக்கும்?"

"தெளிவா..." என்றான் கிழவன். "ஜில்லுனு... இனிப்பா..." நாக்கு வெளியே வந்து காய்ந்த உதட்டைத் தடவியது. "தண்ணி... தாகமா இருக்கு. நம்ம கிணத்துத் தண்ணி கொஞ்சம்..."

சாகிறவர் வாயில் கடைசித் தண்ணீர் விடுவது பெரிய கடமை. தகாகாதா தானே ஓடி, வாசல் கிணற்றில் மொண்டு, மரக்கிண்ணத்தில் கொண்டுவந்தான். தோராமே அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் கொடுக்கவில்லை.

"குடு!" என்றான் மகன்.

"கொஞ்சம் இருங்க."

"தண்ணிய குடுடி பாவி!"

அவன் கை வாளுக்குப் போனது. யாத்தாரோ கைத்தடியைக் குறுக்கே நீட்டினார். நிறுத்துவதற்காக வந்தவர் அவளை நிறுத்தவில்லை, அவனை நிறுத்தினார். "தம்பி, அண்ணாந்து பாருங்க" என்றார்.

அம்பு திரும்பிக்கொண்டிருந்தது. எத்தனை வயல், எத்தனை தோட்டம், எத்தனை சுனை என்று மேய்ந்து திரிந்த அந்த அம்பு, பொழுது சாய்ந்தால் மாடு கொட்டிலுக்குத் திரும்புகிற மாதிரி, மெல்ல, வயல்களைத் தாண்டி, மூங்கில் தோப்பைத் தாண்டி, ஒரு மிடறு கிணற்றுத் தண்ணீரைத் தவிர உலகத்தில் வேறெதுவும் வேண்டாதவனுடைய வாசலைத் தேடி வந்துகொண்டிருந்தது. ஊர் ஜனமும் வரப்பு வரப்பாக அதன் நிழலுக்குப் பின்னாலேயே நடந்து வந்தது. தோராமே பிடித்திருந்த கிண்ணத்திலிருந்து தண்ணீர் தளும்பி அவள் மடியில் விழுந்தது. கிழவன் கண் அந்தக் கிண்ணத்தை விட்டு நகரவில்லை. அவளும் அந்தக் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை, எடுத்தால் அது பாவம் என்று அவளுக்குப் பட்டது.

நிழல் வாசலைத் தாண்டிக் கிணற்றடியில் நின்றது.

"இப்ப விடுங்க, எசமான்."

"விட்டா... விழுந்துடுவேன்."

"விழ மாட்டீங்க. நீங்க புடிச்சதால அமிதா நிக்கல. அவரு புடிச்சதால நீங்க விழாம கிடக்கறீங்க. கைய விடுங்க."

ரென்னாமி தட்டை ஒரே ஒருமுறை தட்டினார். நோபுகாதா அந்தப் பொன்முகத்தைப் பார்த்தான். முப்பது வயசில் நாணை இழுத்து வளைந்து அப்படியே நின்றுபோயிருந்த கட்டைவிரல் முதலில் நிமிர்ந்தது, அப்புறம் மற்ற விரல்கள். நாண் 'ட்டங்' என்று பாடியது. அமிதா பின்னால் நிமிர்ந்து பீடத்தில் ஒழுங்காக நின்றார்.

வெளியே ஊர் மொத்தமும் ஒரே வாயாக "ஆ" என்றது. கிணற்றுக்கு இந்தப் பக்கம், அன்றைக்கு அவன் நின்று அம்பு விட்ட இடத்திலிருந்து கிணற்று வாளிக் கயிறு நீளம்கூட இல்லாத தூரத்தில், அம்பு தரையில் குத்தி நின்றது. பாசி படிந்த அதன் உடம்பிலிருந்து ஒரு தகைவிலான் மட்டும் சலிப்போடு எழுந்து பறந்தது.

தோராமே அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தண்ணீரை விட்டாள். அவன் குடித்தான், எல்லாவற்றையும் குடித்தான். பச்சைப் பிள்ளை மாதிரி சிரித்தான். அவ்வளவுதான், போய்விட்டான். மேகம் ஏதும் இறங்கியதா என்று கேட்காதீர்கள், அங்கே எல்லோரும் அம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோராமே மட்டும் கிழவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அழுகையெல்லாம் ஓய்ந்தபிறகு தகாகாதா கிணற்றடிக்குப் போனான். ஆட்கள் பின்னாலேயே போனார்கள். முற்றம் அளவுக்குச் சுருங்கிப்போன தன் சொத்தைப் பார்த்தான். அம்பில் கை வைத்தான். "இதை நான் திரும்ப விடறேன்" என்றான்.

வரப்பு வரப்பாக வந்து நின்ற ஊர் ஓரடி பின்வாங்கியது. தோராமே நனைந்த மடியோடு நடந்து வந்தாள். அன்றைக்குத்தான், இத்தனை வருஷம் மனசுக்குள் முடிந்து வைத்திருந்ததை ஊர் நடுவில் அவிழ்த்தாள்.

"தாராளமா விடுங்க, தம்பி. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கங்க. இது காத்துல போற அம்பு இல்ல. விட்டவனோட ஆசை எங்க போகுதோ அங்க போய் நிக்கும். உங்கப்பா ஆசை நெல்லு, தோட்டம், புல்லுன்னு போச்சு, நாங்க தாங்கிக்கிட்டோம். உங்க ஆசை எங்க எங்க போகுதுன்னு இனிமே ஊரே அண்ணாந்து பாக்கட்டும். இவங்களும் பாக்கட்டும்."

'இவங்க' என்று அவள் காட்டியது அவன் ஆட்களை. அவர்களில் ஒருவன் வீட்டில் புதுப் பெண்டாட்டி இருந்தாள், இன்னொருவனிடம் ஒரு வெள்ளைக் குதிரை இருந்தது, பக்கத்தில் நின்ற சித்தப்பாவிடம் மலையடிவாரத்துக் காடு இருந்தது. ஒவ்வொருவரும் தகாகாதாவின் முகத்தைப் பார்த்தார்கள். தகாகாதா அம்பிலிருந்து கையை எடுத்து, குளிருகிற மாதிரி, அங்கியின் கைக்குள்ளே விட்டுக்கொண்டான்.

மறுநாளே ஊர் முளைகளைப் பிடுங்கி அடுப்பெரித்தது. அம்பை ஒருவரும் பிடுங்கவில்லை. யாத்தாரோ அதன் அடியில் ஒரு சுரைக்கொடியை நட்டார்.

பிணத்தை மூடுவதற்கு முன்னால் தோராமே ஒரு காரியம் செய்தாள். கயிற்றைச் சுற்றிய நானே அதை அவிழ்க்கிறேன் என்று சொல்லி, ஐந்து வண்ணப் பட்டை மட்டும் உரித்து, லேசான அந்தப் பட்டுநூலை நோபுகாதாவின் திறந்த கையில் வைத்தாள். விரல்கள் அதன்மேல் தாமாக மூடிக்கொண்டன என்பார்கள். உள்ளே இருந்த நாணைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

நெல் பழுத்துச் சாய்ந்திருந்தது, சிட்டுக்குருவிகள் கூட்டம் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தன. தோராமே புருஷன் தலைமாட்டில் ஒரு கம்பும் நாண் எட்டுகிற தூரத்தில் ஒரு கம்பும் ஊன்றினாள். எதிரி உடம்பில் எத்தனையோ அம்பைத் துளைக்கவிட்ட அந்த நாணை இரண்டுக்கும் நடுவே கட்டி, இழுத்து விட்டால் சத்தம் போட்டுக் குருவியை விரட்டும்படி, பலகைத் துண்டுகளில் மூங்கில் குழாய்களைக் கோத்து, வரிசையாக அதில் தொங்கவிட்டாள். அப்புறம் வரப்பில் உட்கார்ந்து, பக்கத்து வயலில் குனிந்திருந்த யாத்தாரோ நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, நாணைக் காதுக்குப் பின்னால் வரைக்கும் இழுத்து, குருவிகளை நோக்கி, கடகடவென்று விட்டாள்.